பொருள் வந்த பின்பே பணம்: பல்கலைக்கழக விதிகளும் விற்பனையாளர் நிபந்தனைகளும் மோதுவது ஏன்?

புதுதில்லி: ஆய்வுத் திட்டத்துக்கு நிதி ஒதுக்கப்பட்டிருக்கும், தேவையான பொருளை விற்க நிறுவனமும் தயாராக இருக்கும், விலையிலும் உடன்பாடு ஏற்பட்டிருக்கும். ஆயினும் கொள்முதல் கோப்பு மாதக்கணக்கில் நகராமல் நிற்பதுண்டு. பணத்தை எப்போது தருவது என்ற ஒரே கேள்வியில் பல்கலைக்கழகத்தின் விதியும் விற்பனையாளரின் நிபந்தனையும் ஒத்துப்போகாததே இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

விதி 172 சொல்வது என்ன?

மத்திய பல்கலைக்கழகங்களும் மத்திய அரசு நிதியில் இயங்கும் தன்னாட்சி நிறுவனங்களும் பொதுவாக 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளைப் பின்பற்றுகின்றன. பொருள் வழங்கப்பட்ட பின்னரோ சேவை நிறைவேறிய பின்னரோதான் பணம் விடுவிக்கப்பட வேண்டும் என்பது அவற்றில் 172-ஆவது விதியின் அடிப்படை.

பராமரிப்பு ஒப்பந்தம், தேவைக்கேற்பத் தயாரித்துத் தரும் ஒப்பந்தம், முழுப் பணியையும் முடித்து ஒப்படைக்கும் ஒப்பந்தம் போன்றவற்றுக்கு முன்பணம் அளிக்கலாம். எனினும் அது தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்த மதிப்பில் 30 சதவீதத்தையும், அரசு முகமை அல்லது பொதுத்துறை நிறுவனத்துக்கு 40 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. பராமரிப்பு ஒப்பந்தத்தில் 6 மாதத் தொகையே உச்சவரம்பு. முன்பணத்துக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் போன்ற பாதுகாப்பும் பெறப்பட வேண்டும். நிதி ஆலோசகரைக் கலந்தாலோசித்து இந்த வரம்புகளைத் தளர்த்தும் அதிகாரம் அமைச்சகங்களுக்கு உண்டு.

பணம் போய்ப் பொருள் வராமற்போனால், தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் கொள்முதலுக்கு ஒப்புதல் அளித்த அதிகாரி. எனவே விதியில் இடம் இருந்தாலும் விலக்கு அளிக்க அதிகாரிகள் தயங்குவது இயல்பு.

விற்பனையாளரின் கணக்கு

மென்பொருள் உரிமம், மேகக் கணினிச் சேவை ஆகியவற்றை விற்கும் நிறுவனங்கள் பல, சந்தா காலம் தொடங்கும் முன்பே முழுத் தொகையையும் கேட்கின்றன. சில நிறுவனங்கள் கடன் அட்டை மூலம் மட்டுமே பணம் பெறுகின்றன. ஓர் ஆய்வகத்துக்கென்றே தயாரிக்கப்படும் மரபணுத் துண்டையோ வேதிப்பொருளையோ வேறு எவருக்கும் விற்க முடியாது. வாங்குபவர் பின்வாங்கினால் தயாரிப்பாளருக்கு முழு இழப்பு. பணம் வராவிட்டால் வேறொரு நாட்டில் வழக்கு நடத்துவதும் எளிதல்ல. ஆகவே அவர்களும் முன்பணத்தை வலியுறுத்துகின்றனர்.

பெரிய இறக்குமதிகளில் இந்தச் சிக்கலுக்கு வங்கிகள் நெடுங்காலமாகத் தீர்வு வைத்துள்ளன. லெட்டர் ஆஃப் கிரெடிட் எனப்படும் கடன் உறுதிக் கடிதத்தின்படி, பொருள் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றப்பட்டதற்கான ஆவணங்களைக் காட்டினால் வங்கி பணம் செலுத்தும். தொகையில் ஒரு பகுதி, கருவி நிறுவப்பட்டு இயங்கும் வரை நிறுத்திவைக்கப்படுவதும் வழக்கம். ஆனால் இதற்கும், வங்கி உத்தரவாதத்துக்கும் கட்டணமும் கால அவகாசமும் தேவை. சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள வேதிப்பொருளுக்கு இந்த ஏற்பாடு கட்டுப்படியாகாது. இதனால் பல கோடி ரூபாய்க் கருவியை வாங்குவதைவிட, அதில் பயன்படுத்தும் சிறு பொருளை வாங்குவது சில நேரங்களில் கடினமாகிவிடுகிறது. உள்நாட்டு முகவர் முன்பணத்தைத் தாமே செலுத்திப் பொருளைத் தருவித்தால் சிக்கல் தீரும். அந்தச் செலவு விலையில் சேர்ந்துவிடும்.

சிறு நிறுவனங்களின் நிலை

உள்நாட்டுச் சிறு விற்பனையாளர்களுக்கோ சிக்கல் வேறு விதமானது. பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனங்களுக்கான தொகையை ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் வழங்க வேண்டும். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கணக்கிடப்படும். பாதிக்கப்பட்ட நிறுவனம் மாநில வசதியாக்கல் மன்றத்தை அணுகலாம். இருப்பினும், அடுத்த ஆர்டரை இழக்க நேரிடும் என்ற அச்சம் வட்டி கேட்பதற்குத் தடையாகிறது.

தாமதத்துக்குப் பல்கலைக்கழகம் மட்டுமே பொறுப்பு எனக் கூற இயலாது. ஆய்வு நிதி தவணைகளாகவே வருகிறது. முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்கப்பட்ட பின்னரே அடுத்தது விடுவிக்கப்படும். நிதியாண்டு முடியும் மார்ச் 31 நெருங்கும்போது செலவிடாத தொகை கைவிட்டுப் போகலாம் என்பதால் கொள்முதல்கள் ஒரே நேரத்தில் குவிகின்றன. பொருள் வருமுன் ஆண்டு முடிந்துவிட்டால், அதற்கான பணத்துக்குப் புதிய ஒப்புதல் தேவைப்படலாம்.

2025-இல் தளர்ந்தது எது?

அறிவியல் ஆய்வுக்கான கொள்முதல் விதிகளை மத்திய அரசு 2025 ஜூன் மாதம் தளர்த்தியது. விலைப்புள்ளி பெறாமல் நேரடியாக வாங்கும் வரம்பு ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாகவும், கொள்முதல் குழு மூலம் வாங்கும் உச்சவரம்பு ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.25 லட்சமாகவும் உயர்த்தப்பட்டன. ரூ.200 கோடி வரையிலான உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் துணைவேந்தர்களுக்கும் இயக்குநர்களுக்கும் வழங்கப்பட்டது. ஜெம் எனப்படும் அரசு மின்-சந்தைக்கு வெளியே சிறப்பு ஆய்வுக் கருவிகளை வாங்கவும் அனுமதி கிடைத்தது.

இவை அனைத்தும் யாரிடம், எவ்வளவு மதிப்புக்கு, யாருடைய ஒப்புதலுடன் வாங்கலாம் என்பதைப் பற்றியவை. பணம் எப்போது தரப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விதி 172 தனியே நிற்கிறது. கொள்முதல் ஆணை விரைவாகக் கிடைத்தாலும், முன்பணம் கேட்கும் விற்பனையாளரிடம் அது பயன்படாமற்போகும் வாய்ப்பு நீடிக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குத் தத்தம் மாநிலச் சட்டங்களும் விதிகளும் பொருந்தும் என்பதும் கவனிக்கத்தக்கது.

ஒரு முன்மாதிரி

ஆய்விதழ்ச் சந்தாவும் முன்கூட்டியே பணம் கேட்கும் ஒன்றுதான். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், 3 ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கி, பதிப்பாளர்களுக்கான தொகையை மையமாகச் செலுத்த வழிசெய்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களுக்காக 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தனித்தனியே பேரம் பேச வேண்டிய தேவை இதனால் குறைந்தது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களுக்குத் தேவைப்படும் மென்பொருள்களுக்கும் இதே முறையைப் பரிசீலிக்கலாம்.

அதுவரை, பணம் செலுத்தும் நிபந்தனையை விலைப்புள்ளி கோரும்போதே எழுத்தில் கேட்டுப் பெறுவது ஆய்வாளருக்குப் பயன்தரும். விலக்கு தேவைப்பட்டால், ஆணை பிறப்பிக்கும் முன்பே நிதிப் பிரிவின் ஒப்புதலைக் கோர அது வழிவகுக்கும். முனைவர் பட்ட மாணவரின் உதவித்தொகைக் காலத்துக்கு வரம்பு உண்டு. கோப்பு தேங்கிய மாதங்கள் அதிலிருந்தே கழிகின்றன.