அடியில் 'டங்'குனு சத்தம் கேட்டுச்சா? ஆயில் சம்ப்பைப் பாருங்க!

முகூர்த்த நாள்களில் ஆறு பேரும் சீர்வரிசையுமாகக் கிளம்பும் சின்ன கார்களுக்கு வேகத்தடைதான் எமன். அடியில் 'டங்'கென்று ஒரு சத்தம். இறங்கிக் குனிந்து பார்ப்பார்கள். ஒன்றும் ஒழுகவில்லை என்றதும் 'தப்பிச்சோம்டா சாமி' என்று வண்டியை எடுத்துவிடுவார்கள். பல நேரம் தப்பித்திருக்க மாட்டார்கள்.

அடி வாங்கியது பெரும்பாலும் ஆயில் சம்ப். இன்ஜினுக்குக் கீழே தொட்டி போலத் தொங்கும் இதில்தான் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் நிற்கிறது. அதன் தரையை ஒட்டினாற்போல் ஒரு சல்லடை வாய் இருக்கும். ஸ்ட்ரெய்னர் என்பார்கள். பம்ப் ஆயிலை உறிஞ்சுவது அதன் வழியாகத்தான். சம்ப் உள்பக்கமாக நசுங்கினால் இந்த வாய் அடைபடும். சொட்டுகூட வெளியே வராது. மேலேயும் ஆயில் போகாது. ஓட்டையாவது தரையில் கறையைக் காட்டிக் கொடுக்கும். இது எதையும் காட்டாது.

டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்ணம் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும். 'ரெண்டு கிலோமீட்டர்ல பட்டறை இருக்கு' என்ற கணக்கெல்லாம் உதவாது. நிமிடத்துக்கு 2,000 தடவை சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. அது போனால் இன்ஜின் 'சீஸ்' ஆகிவிடும். சம்ப்பைக் கழற்றி மாட்டும் செலவு எங்கே, இன்ஜினைப் பிரித்துப் போடும் செலவு எங்கே!

பட்டறையில் ஆயிலை வடித்து, வழியில் சைலன்ஸர் குழாய் குறுக்கிட்டால் அதையும் இறக்கி, போல்ட்டுகளைக் கழற்றுவார்கள். அப்போதும் சம்ப் அசையாது. பழைய பேஸ்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். இங்கே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினால் விளிம்பு வளையும், மேலே இன்ஜினின் பரப்பில் கீறல் விழும். பிறகு எத்தனை பேஸ்ட் போட்டாலும் கசிவு நிற்காது. கை பழகியவர் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டி, மெல்லிய தகட்டைச் செலுத்திப் பிரிப்பார். கையில் வந்ததும் முதல் வேலையாக அடியில் தங்கிய ஆயிலை விரலால் தொட்டுப் பார்ப்பார். மினுமினுவென்று உலோகத் தூள் ஒட்டினால், பேரிங் தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

இரும்புத் தகடு என்றால் சின்ன நசுங்கலைத் தட்டி நிமிர்த்தலாம். அலுமினியம் விரிசல் விட்டால் புதிது வாங்குவதே நல்லது.

மாட்டும்போது நடக்கும் தவறுகளுக்கு ஆசைதான் காரணம். 'நல்லா போடுங்கண்ணே' என்று வண்டிக்காரர் சொல்ல, பேஸ்ட்டைக் குழைத்து அப்பிவிடுவார்கள். பல இன்ஜின்களுக்கு 3 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கோடு போதும். மிச்சம் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து விழுந்து, அதே ஸ்ட்ரெய்னரை அடைக்கும். போல்ட்டும் அப்படித்தான். பல கார்களில் சுமார் 10 நியூட்டன் மீட்டர் முறுக்குதான் கணக்கு. மணிக்கட்டு பலமே அதிகம். மூச்சைப் பிடித்து முறுக்கினால் தகடு வளைந்து, இரண்டு போல்ட்டுக்கு நடுவே கசியும். நடுவில் தொடங்கி, எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

பேஸ்ட் காயும் நேரம் ட்யூபிலேயே இருக்கும். சிலவற்றுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு ஓர் இரவு. பட்டறைச் சண்டைகள் தொடங்குவதே இங்கேதான். 'சாயந்திரம் வண்டி வேணும்' என்று நிற்பவரிடம், 'காலைல வாங்க சார்' என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பலாம்.

புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தால் சில விநாடிகளில் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவு காருக்கு அடியில் பழைய நியூஸ்பேப்பர் ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் காபிக்கு முன்னால் அதைப் பாருங்கள்.