தூக்கணாங்குருவிக்கு அப்பா டெஸ்ட்!

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். வயலுக்கு நடுவே நிற்கிற பனை மரங்களைப் பாருங்கள். ஓலை நுனியில் சுரைக்குடுக்கை மாதிரி தொங்கி ஆடுகிறதே, அதுதான் தூக்கணாங்குருவிக் கூடு.

கட்டுவது ஆண். நாராகக் கிழித்த புல்லையும் ஓலையையும் சுமந்து ஐந்நூறு தடவை வரை பறந்து, சுமார் 18 நாளில் ஒரு வீடு! பாதி முடிந்து ஹெல்மெட் மாதிரி தொங்கும்போதே சிறகடித்துப் பெண்ணைக் கூப்பிடும். அம்மணி வந்து உள்ளே நுழைந்து பார்ப்பாள். பிடித்தால் சரி, இல்லையென்றால் 'டாட்டா'! பின்னல் அழகை விட, கூடு எந்த இடத்தில் தொங்குகிறது என்பதைத்தான் பெண் முக்கியமாகப் பார்க்கிறது என்று சுஹேல் குவாடர் என்ற விஞ்ஞானி 2005-ல் எழுதினார். ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் மனை போட்டு விற்பவர்களுக்கு இது எப்பவோ தெரியும்!

மாப்பிள்ளை யோக்கியமா? அதான் இல்லை. அம்மணி குடியேறியதும் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து ஓலையில் அடுத்ததைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். சாட்சாத் சின்ன வீடு! 1930-ல் பம்பாய் பக்கம் கிஹிம் கிராமத்தில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தவர் சாலிம் அலி.

சரி, கூட்டில் கத்துகிற குஞ்சுகளுக்கு அப்பா யார்? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டி.என்.ஏ.தான் சொல்லும்.

டி.என்.ஏ.வில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துக்களே திரும்பத் திரும்ப வரும், ஊசி முனை மாட்டிக்கொண்ட ரிக்கார்டு மாதிரி. எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். குஞ்சுக்கு அம்மாவிடமிருந்து ஒரு எண், அப்பாவிடமிருந்து ஒரு எண். குஞ்சிடம் 12, 17. அம்மாவிடம் 12, 15. கூடு கட்டியவரிடம் 14, 16. அப்போ அந்த 17 யாருடையது? ஒரு இடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். பல இடங்களில் பார்ப்பார்கள். இதற்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். நம் சிவப்பணுவில் உட்கரு கிடையாது, பறவைக்கு உண்டு. (நீங்கள் குருவியைப் பிடித்துக் குத்திப் பார்க்காதீர்கள். வனத்துறை உங்களைப் பிடிக்கும்.)

மனிதர்களுக்காக அலெக் ஜெஃப்ரீஸ் 1984-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த வித்தை இது. 1987-லேயே பிரிட்டிஷ்காரர்கள் சிட்டுக்குருவியிடம் போட்டுப் பார்த்தார்கள். ஏகபத்தினி விரதன் என்று பெயர் வாங்கிய குருவியின் கூட்டிலேயே வேறு அப்பாவின் குஞ்சுகள்! ஆஸ்திரேலியாவின் 'ஃபேரி ரென்' குருவிகளிடம் பார்த்தால், முக்கால்வாசிக் குஞ்சுகள் அப்படி. நம் ஊரில் ஹைதராபாத்தின் லால்ஜி சிங், கட்டுவிரியன் இனத்துப் பாம்பின் டி.என்.ஏ.விலிருந்து இந்தச் சோதனைக்கு ஒரு கருவி செய்தார். கேரளாவில் ஒரு குழந்தைக்கு அப்பா யார் என்ற வழக்கிலும், ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் உதவியது அதுதான்.

இது வெறும் வம்பு இல்லை ஸார். ஒரு பனையில் முப்பது கூடு என்றால் முப்பது ஜோடி என்று அர்த்தமில்லை. பாதியில் கைவிட்டவை உண்டு. ஒரே ஆளுடைய நாலைந்தும் உண்டு. பரம்பரையைக் கொண்டு போகிற அப்பாக்கள் எத்தனை பேர் என்பது டி.என்.ஏ.வில்தான் தெரியும். அந்தக் கணக்கு எடுக்கக் கூடு வேண்டும், கூட்டுக்குப் பனை வேண்டும். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. அடுத்த முறை அந்தப் பஸ்ஸில் போகும்போது, போன தடவை பார்த்த மரம் நிற்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.