மன்னரின் பிழையையும் எழுதிய தூரிகை

சீனச் சக்கரவர்த்தி டாய்சுங்குக்கு ஒரு நாள் ஓர் ஆசை உண்டாயிற்று. அரண்மனையில் தாம் பேசுவதையும் செய்வதையும் ஓர் அதிகாரி அன்றாடம் எழுதி வைக்கிறாரே, அதை ஒரு தடவை வாங்கிப் படித்தால் என்ன?

அந்த அதிகாரியைக் கேட்டார். அவர் கொடுக்க மறுத்துவிட்டார். அரசர்கள் தவறு செய்ய அஞ்ச வேண்டும் என்பதற்காகவே அந்தக் குறிப்பு எழுதப்படுகிறது; எந்த அரசரும் அதைத் தாமே வாங்கிப் பார்த்ததாகக் கேள்விப்பட்டதில்லை என்றார்.

நான் செய்யும் தவறுகளையும் எழுதுகிறீரா என்று கேட்டார் மன்னர். அது என் கடமை, எழுதாமல் இருக்க முடியாது என்று பதில் வந்தது! பக்கத்தில் நின்ற இன்னொரு அதிகாரி, இவர் எழுதாவிட்டாலும் உலகம் எழுதி வைத்துக்கொள்ளும் என்றார். மன்னர் கோபிக்கவில்லை.

ஏழாம் நூற்றாண்டில், டாங் வம்சத்தின் தொடக்கக் காலத்தில் நடந்தது இது. மறுத்த அதிகாரியின் பெயர் சூ சுயிலியாங். சீனாவின் தலைசிறந்த கையெழுத்துக் கலைஞர்களில் அவர் ஒருவர்.

எழுத்தே ஓவியம்

கையெழுத்து அழகாக இருந்தால் நாம் மெச்சுவோம், அத்தோடு சரி. சீனர்களுக்கோ எழுதுவது ஓவியத்துக்குச் சமமான கலை. மயிர்த் தூரிகையை மையில் தோய்த்துக் காகிதத்தில் ஒரு கோடு இழுத்தால் இழுத்ததுதான். அழிக்க முடியாது, திருத்த முடியாது. கை நடுங்கினால் கோடு காட்டிக் கொடுத்துவிடும். எழுதியவரின் குணமே எழுத்தில் தெரியும் என்பது சீனர்களின் நம்பிக்கை.

டாய்சுங் மன்னருக்கு இந்தக் கலையில் பித்து. அவருடைய சபையில் இரண்டு கிழவர்கள் பெரும் புகழோடு இருந்தார்கள். ஒருவர் ஓயாங் ஷுன். இவருடைய தந்தை கலகம் செய்ததற்காகக் கொல்லப்பட்டவர். தந்தையின் நண்பர் பையனை வளர்த்துப் படிக்க வைத்தார். ஒரு பழைய கல்வெட்டின் எழுத்தழகில் மயங்கி, மூன்று நாள் அதன் எதிரிலேயே ஓயாங் கிடந்தார் என்று கதை சொல்வார்கள். 632-ல் அரண்மனை ஊற்று ஒன்றைப் பற்றி அவர் எழுதிய கல்வெட்டைப் பார்த்துத்தான் சீனப் பிள்ளைகள் இன்றும் எழுதிப் பழகுகிறார்கள்.

மற்றவர் யூ ஷிநான். மன்னருக்கே எழுத்து ஆசான் போன்றவர். 638-ல் அவர் இறந்தபோது, எழுத்தைப் பற்றிப் பேச இனி ஆளில்லையே என்று மன்னர் ஏங்கினார். அப்போது மந்திரி வெய் செங் சிபாரிசு செய்த ஆள்தான் சூ சுயிலியாங்.

நெற்றியில் ரத்தம்

649-ல் டாய்சுங் இறந்தார். மகனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மரணப் படுக்கையில் சூவிடமும் இன்னொரு பெரிய மந்திரியிடமும் ஒப்படைத்திருந்தார். மகன் காவ்சுங் பட்டத்துக்கு வந்தார். 655-ல் அவர் பட்டத்து ராணியைத் தள்ளிவிட்டு, தம் தந்தையின் அந்தப்புரத்தில் இருந்த வூ என்ற பெண்ணை ராணியாக்க முனைந்தார்.

மற்ற மந்திரிகளில் பலர் வாய் மூடியிருந்தார்கள். சூ கூடாது என்று நேருக்கு நேர் சொன்னார். பதவியின் அடையாளமாகக் கையில் பிடித்திருந்த பட்டையைக் கீழே வைத்தார். ரத்தம் வடியத் தலையைத் தரையில் மோதினார். இந்தாருங்கள் பதவி, என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். திரைக்குப் பின்னாலிருந்து, இவனை ஏன் அடித்துக் கொல்லவில்லை என்று வூவின் குரல் கேட்டதாம்!

வூ ராணியானாள். சூவைத் தலைநகரிலிருந்து தெற்கே தள்ளினார்கள். பிறகு இன்னும் தெற்கே. கடைசியில் இன்றைய வியட்நாமில் உள்ள ஒரு மூலைக்கு. அங்கிருந்து தம் பழைய சேவையை நினைவூட்டி மன்னருக்கு மனு எழுதினார். அறுபது வயது தாண்டியவர்; மனம் தளர்ந்திருக்கும், பாவம். பலன் இல்லை. 658-ல் அங்கேயே உயிர் விட்டார். இறந்த பிறகும் விடவில்லை; அவருடைய பட்டங்களைப் பறித்தார்கள்.

கல்லில் நின்றது

ஆனால் ஒரு காரியம் முன்பே நடந்துவிட்டது. நம் காஞ்சிபுரத்தைப் பற்றியும் எழுதி வைத்த யாத்திரிகர் யுவான் சுவாங் 645-ல் இந்தியாவிலிருந்து பௌத்த நூல்களோடு திரும்பினார். அவர் மொழிபெயர்த்த நூல்களுக்கு டாய்சுங் ஒரு முன்னுரையும் காவ்சுங் ஒரு குறிப்பும் எழுதினார்கள். 653-ல் இரண்டையும் சூ தம் கையால் எழுத, வான் வென்ஷாவ் என்ற கல்தச்சர் இரண்டு கற்களில் செதுக்கினார். நூலிழை போல் மெலிந்து, எஃகு போல் உறுதியான எழுத்து! தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே எழும்பியது என்பதுகூடக் கல்லில் தெரிகிறது.

சியான் நகரில், பெரிய காட்டு வாத்துக் கோபுரத்தின் தெற்கு வாசலுக்கு இருபுறமும் அந்தக் கற்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்றில் எழுத்து வலமிருந்து இடமாகவும், மற்றதில் இடமிருந்து வலமாகவும் போகிறது. இரண்டிலும் சூ சுயிலியாங்கின் பெயர் இருக்கிறது, பட்டங்களோடு.