கோழிக் கழிச்சலும் உஷ்ணம் தாங்கும் மருந்தும்

வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் வியாதி 1926-ல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், 1927-ல் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட்டிலும் கண்டறியப்பட்டது. கண்டபின் அதைத் தீர்க்கும் ஔஷதம் கிடையாது. தடுப்பு மருந்து பெறாத கோழிகளிடையே கொடிய வகை புகுமாயின் பட்டி முழுவதும் அழிவதுண்டு. பச்சையாகக் கழிதல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகுதல் ஆகியன அதன் குறிகள்.

தடுப்பு மருந்திலுள்ளதோ வீரியம் தணிந்த, உயிருள்ள வைரஸ் கிருமி. சாதாரண மருந்தை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு குளிரில் வையாவிடில் அக்கிருமி மடியும். மடிந்த மருந்தை இடுவதும் இடாமையும் ஒன்றே.

இக்குறை நீங்க, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிசாலையில் உஷ்ணம் தாங்கும் ஐ-2 என்னும் இனம் தெரிந்தெடுக்கப்பட்டது. உறையச் செய்து உலர்த்திய அம்மருந்து, இருளில் வைத்தால் 28 டிகிரியிலும் 8 வாரம் பயன்படும். திரவமாக வைப்பதற்கு ஜெலாட்டின் என்னும் பசை சேர்ப்பர். அது கிருமிக்குக் கவசமாகும். கண்ணில் ஒரு சொட்டு விட்டு, 4 மாதத்திற்கொருமுறை மீண்டும் விடுதல் முறை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் டி58 என்னும் இனத்தைக் குருணை வடிவில் அமைத்து, தீனியாகவே கொடுக்க வழி செய்தது.

குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை: குடிநீரில் கலக்கும் மருந்துக்குக் குளோரின் சேர்ந்த ஜலமும் துருவேறிய பாத்திரமும் ஆகா. கலந்த மருந்தை வெயிலில் வைக்கலாகாது. ஆரோக்கியமான கோழிகளுக்கே மருந்திடுக. ஒரு வீட்டில் இட்டு அடுத்த வீட்டில் விடுவதால் ஊருக்குக் காப்பில்லை. ஆதலின் கிராம அதிகாரிகள் நாள் குறித்து, ஊர்க்கோழி அனைத்திற்கும் ஒருங்கே இடுவித்தல் நலம்.