லாயத்துக் கழிவு எங்கே போகிறது?

துறைமுகம் கட்டுவதற்கு முன் சென்னைக்கு வந்த ஆஸ்திரேலியக் குதிரைகளைக் கப்பலிலிருந்து கடலில் இறக்கிவிடுவார்கள்; அவை நீந்திக் கரையேறும். பிறகு ஜட்கா வண்டி ஓடியது, அதுவும் போயிற்று. இன்றும் சென்னையில் கடற்கரைச் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை உண்டு.

450 கிலோ எடையுள்ள குதிரை ஒன்று லத்தியும் சிறுநீருமாக நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் கழிக்கும். ஆண்டுக்குச் சுமார் 8 டன். கிராமத்தில் இதை வயல் வாங்கிக்கொள்ளும். இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ வயல் ஏது?

அங்கேதான் சிக்கல். இந்தக் கரையோரம் மணல் பூமி. நிலத்தடி நீர் மேலாகவே இருக்கிறது. வெட்டவெளியில் குவித்த லத்தியின் சாறு, ஐப்பசி கார்த்திகை மழையில் மணலுக்குள் இறங்கி நைட்ரேட்டாகக் கிணற்றில் சேரும். மிச்சம் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகும். அங்கே பாசி பெருகி, ஆக்சிஜன் குறைந்து, மீனும் இறாலும் மூச்சுத் திணறும். அனல்மின் நிலையச் சாம்பலையும் 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவையும் பார்த்த கழிமுகத்துக்கு லத்தி ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பொருட்டில்லைதான். ஆனால் அவற்றைத் தடுப்பது நம் கையில் இல்லை, இது இருக்கிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. லாயத்தில் தினமும் லத்தியையும் நனைந்த படுக்கையையும் மட்டும் அள்ளுங்கள். காய்ந்த வைக்கோலையும் சேர்த்து வாரினால் குவியல் மக்கத் தாமதமாகும். படுக்கையாகப் போட்டால் தென்னை நார்த்தூள் ஈரத்தை நன்றாக உறிஞ்சும், நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். சிறுநீர் ஊறிய தரையிலிருந்து கிளம்பும் அம்மோனியா குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். வாயால் சமாளிக்க அதற்கு வழியில்லை. காற்றோட்டத்தை அடைத்துவிடாதீர்கள்.

அள்ளியதை சிமெண்ட் தரையில், கூரைக்கடியில், மார்பளவு உயரத்துக்குக் குவியுங்கள். ஈரம், பிழிந்த துணி அளவு போதும். உள்ளே வெப்பம் 55 டிகிரியைத் தாண்டும். புழு முட்டைகள் சாகும். வாரம் ஒருமுறை புரட்டினால் வெளிப்புறத்து லத்தியும் அந்தச் சூட்டைப் பார்க்கும், ஈயும் முட்டையிட்டுப் பெருகாது. குடற்புழு மருந்து கொடுத்த சில நாள் லத்தியைத் தனியே வையுங்கள். ஐவர்மெக்டின் போன்றவை அதில் வெளியேறும். சாண வண்டுக்கும் நீர்வாழ் சிற்றுயிர்களுக்கும் அது நஞ்சு.

இரண்டு மூன்று மாதத்தில் நாற்றமற்ற கறுப்பு எரு கிடைக்கும். மாடித்தோட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் பொருள் இது. உங்கள் தெருவில் குதிரை வைத்திருப்பவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். எத்தனை நாள் மக்கியது என்றும் கேளுங்கள்.