கோப்பைக்கு ஏறிய அழுக்கு

என் முதல் கடல்நீர்த் தொட்டி 1994-இல் வந்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். விளிம்புவரை ஊற்றினால் 56 லிட்டர். தண்ணீர் கோவளத்துத் தண்ணீர். கடலுக்குப் போகிற படகில் காலிக் கேன்களைக் கொடுத்து, கரைக் கலங்கல் தாண்டி மொண்டுவரச் சொல்வோம். வீட்டில் பழைய வேட்டியில் வடிகட்டி, ஒரு வாரம் இருட்டில் மூடிவைத்து, பிறகு ஊற்றுவது. அந்தக் கேன்களைப் பஸ்ஸில் ஏற்ற நடத்துநரிடம் கெஞ்சியது தனிக்கதை.

ஃபில்டர் என்று இருந்தது ஒன்றே ஒன்று: அண்டர் கிராவல். தொட்டியின் அடியில் ஓட்டைகள் போட்ட பிளாஸ்டிக் தட்டு, அதன்மேல் மூன்று அங்குலத்துக்கு நொறுக்கிய சிப்பி. தட்டின் மூலையிலிருந்து ஒரு குழாய் மேலே வரும். ஏர் பம்ப்பின் காற்று அதற்குள் குமிழியிட்டு ஏறும்போது தண்ணீரையும் சேர்த்து இழுத்துப்போகும். அதற்கு ஈடாகத் தொட்டித் தண்ணீர் சிப்பிப் படுகைக்குள் இறங்கும். மீன் எச்சம், தின்னாத தீனி எல்லாம் படுகையில் தங்கிவிடும். மேலே தண்ணீர் பளிங்கு. சுத்தமாகிவிட்டது என்று நம்பினோம்.

படுகையில் குடியிருக்கும் பாக்டீரியா செய்கிற வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. அழுகலில் பிறக்கும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அதுதான். முதலாவது மீனைக் கொல்லும். மூன்றாவது மெதுவாகச் சேர்ந்து தொல்லை தரும். கோளாறு வேறு இடத்தில். விழுந்த அழுக்கு அத்தனையும் தொட்டிக்குள்ளேயே அழுகித் தீர வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு. எச்சில் இலையை வெளியே கொண்டுபோகாமல் கூடத்திலேயே மட்க வைப்பதுபோல.

அந்த வருஷம் அக்டோபர் 31 அன்று சென்னையில் புயல். எங்கள் தெருவில் இரண்டு நாள் கரன்ட் இல்லை. ஏர் பம்ப் நின்றது, படுகைக்குள் ஓட்டம் நின்றது, பிராணவாயு இல்லாமல் பாக்டீரியா மடிந்தது. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். மூன்று டாம்செல், ஒரு க்ளவுன், நாலும் மிதந்தன. அந்த டாம்செல்களை வாங்கியதே தொட்டியைப் 'பழக்க'த்தான். புதுத் தொட்டியின் விஷத்தைத் தாங்கினால் மற்ற மீன்கள் வரலாம் என்பது அன்றைய வழக்கம். அன்று அது எனக்குக் கொடுமையாகப் படவில்லை.

வேறு வழி உலகத்தில் இல்லாமல் இல்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த, பாக்டீரியா குடியிருக்கும் உயிர்ப்பாறைகளையும் கொஞ்சம் காற்றுக் குமிழ்களையும் மட்டும் வைத்துப் பவளத்தையே வளர்த்து, 1961-இல் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதியிருந்தார். பிறகு ஜெர்மன்காரர்கள் பாறையோடு புரோட்டீன் ஸ்கிம்மரையும் சேர்த்துக்கொண்டார்கள். 'பெர்லின் முறை' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஸ்கிம்மர் என்ற சொல்லை நான் கேள்விப்பட்டதே தொட்டி செத்து வெகுகாலம் கழித்து.

கரும்பாலையில் நின்று வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவருக்கு ஸ்கிம்மரை விளக்க வேண்டியதில்லை. சாறு கொதிக்கும்போது அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வரும். அதை வழித்துக் கொட்டுவார்கள். ஸ்கிம்மரில் கொதி இல்லை, பொடிக் குமிழ்கள் உண்டு. மீன் எச்சத்திலிருந்து கரைந்து வரும் புரதம், கொழுப்பு வகைகளில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை விலகி ஓடும். விலகும் முனை காற்றைத் தேடிக் குமிழின் தோலில் ஒட்டிக்கொள்ளும். குமிழ்கள் கூடி நுரையாகி, கழுத்தில் ஏறி, மேலிருக்கும் கோப்பையில் வழியும். உப்புத் தண்ணீரில் குமிழ்கள் எளிதில் ஒன்றுசேர்ந்து பெரிதாவதில்லை. அதனால்தான் இந்த வித்தை நன்னீர்த் தொட்டியில் பலிப்பதில்லை. 2019 கடைசியில் பட்டினப்பாக்கம் கரையெங்கும் வெள்ளை நுரை ஒதுங்கியதே, அதுவும் இதே கணக்குத்தான். சோப்பும் சாக்கடையும் கலந்த தண்ணீரை அலை கடைந்து தள்ளிய கழிவு அது. குழந்தைகள் அதில் புரண்டு விளையாடினார்கள். ஸ்கிம்மர் கோப்பையை ஒருமுறை கழுவியவர் எவரும் அதில் கால் வைத்திருக்க மாட்டார்.

பழைய ஸ்கிம்மர்கள் நெட்டைக் குழாய்கள். மரக்கட்டையால் ஆன ஏர் ஸ்டோன் நுண்குமிழ் விடும். அழுக்கு ஒட்ட நேரம் வேண்டும் என்பதால் குமிழ் போகும் வழி நீளமாக இருக்க வேண்டும். சில வாரத்தில் கட்டை ஊறி அடைத்துக்கொள்ளும், மாற்ற வேண்டும். இப்போது பம்ப்பின் சக்கரத்திலேயே ஊசிகள்; உள்ளே வரும் காற்றை அவை பொடிப்பொடியாக அடித்துவிடுவதால் சாண் உயரத்துக் கருவி போதும். என் இன்றைய தொட்டி அதே 56 லிட்டர் அளவு. பின்பக்கம் தடுத்த அறைகளில் ஒரு ஸ்பாஞ்ச், ஒரு குட்டி ஸ்கிம்மர், தண்ணீரைத் திருப்பி அனுப்பும் பம்ப். மேற்பரப்பில் படியும் எண்ணெய்ப் படலம்தான் அழுக்கில் கொழுத்த பகுதி. அது வழிந்து முதலில் ஸ்கிம்மருக்குப் போகும்படி தடுப்பில் பல்வெட்டு.

ஸ்கிம்மர் வாங்கிவந்த அன்றே வேலை செய்யும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். புது பிளாஸ்டிக்கின் பிசுக்குப் போகும்வரை சில நாள் நுரையே வராது, அல்லது கோப்பை பொங்கி வழியும். அந்த நாட்களில் நுரை மட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடாமல் இருப்பதே பெரிய காரியம். பிறகு நுரை கழுத்தின் அடியில் நிற்கிற அளவுக்கு வைத்து விட்டுவிட வேண்டும். கழுத்தின் உட்புறத்தில் படியும் வழுவழுப்பை வாரம் இரண்டு முறை துடைக்காவிட்டால் நுரை ஏறாது. எண்ணெய்க் கையைத் தொட்டிக்குள் விட்டால் சில மணி நேரம் நுரை படுத்துவிடும். அறையில் தண்ணீர் மட்டம் ஒரு விரல் இறங்கினாலும் கணக்கு மாறும். கத்திரி வெயிலில் நான் தினமும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறேன், ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கிறது. உப்புத் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கோவளத்துத் தண்ணீர் இப்போது இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புக்கலவை, அடர்த்தி 1.025. புதுத் தொட்டியைப் பழக்க மீனைப் பலிகொடுப்பதும் இல்லை. வெறுந்தொட்டியில் ஒரு சிட்டிகை தீனி போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் எழும்பி அடங்கும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பது. க்ளவுன் மீனைக் கடலில் பிடிக்கத் தேவையில்லை. மண்டபத்தில் மத்திய அரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையமே அதைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிவிட்டது.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தது. இந்த முறை நாலு நாள் இருட்டு. ஸ்கிம்மரும் நின்றுதான் போனது. அந்த விஷயத்தில் அது பழைய ஏர் பம்ப்பைவிட ஒரு படி மேல் இல்லை. ஆனால் அடியில் அழுகக் காத்திருந்த மூட்டை எதுவும் இல்லை. நுரையில் ஏறியது முன்பே வாஷ்பேசினில் போயிருந்தது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று பாறை ஓரமாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. மீன் ஒன்றும் சாகவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும், கடலிலிருந்து பாறை எடுப்பதில், லீ சின் எங் வழியில் நாம் போக முடியாது. 2001 முதல் பாறைப் பவளம் முழுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாப் பாறை என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் வாங்காதீர்கள். அதற்குப் பதில் வைக்கும் காய்ந்த செயற்கைப் பாறையில் பாக்டீரியா குடியேற மாதங்கள் ஆகும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கிம்மர் அம்மோனியாவை எடுக்காது. எல்லா அழுக்கையும் எடுக்காது. என்னைப்போல் சின்னத் தொட்டி வைத்திருப்பவர்கள் பணம் செலவழிக்குமுன், ஞாயிறுதோறும் ஐந்து லிட்டர் தண்ணீர் மாற்ற நேரம் இருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், மீனையும் அளவோடு வைத்தால், ஸ்கிம்மரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போடலாம்.