பேராக் தோட்டப்புறங்களும் நாளிதழ்களின் வட்டாரச் செய்திகளும்

மலேசியத் தமிழ் நாளிதழ்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் இலக்கியப் பகுதியையே நாடிச் செல்கின்றன. 1950-51ஆம் ஆண்டுகளில் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, 1952 முதல் 1957 வரை அவ்விதழில் பணியாற்றிய கு. அழகிரிசாமி, தமிழ் முரசின் வழி கோ. சாரங்கபாணி மேற்கொண்ட சீர்திருத்தப் பணி ஆகியவை பலராலும் பேசப்பட்டுள்ளன. அதே இதழ்களின் உட்பக்கங்களில் நான்கு வரியும் ஆறு வரியுமாக இடம்பெற்ற வட்டாரச் செய்திகளோ ஆய்வாளரின் பார்வைக்கு அரிதாகவே வருகின்றன. ஒரு தோட்டத்திற்கும் மற்றொரு தோட்டத்திற்கும் நடந்த காற்பந்து ஆட்டம், தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, மணிமன்றக் கிளையின் ஆண்டுக் கூட்டம், பணி ஓய்வு பெற்ற கிராணிக்குப் பிரியாவிடை: இவையே அச்செய்திகளின் பொருள். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று பெயரளவிலும் இல்லாத நிலையில், இச்சிறு செய்திகளை எவ்வாறு வாசிப்பது, எவ்வளவு நம்புவது என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஈப்போ ஈயத்தால் வளர்ந்த நகரம். 1937இல் தைப்பிங்கிலிருந்து மாநிலத் தலைநகர் தகுதியைப் பெற்றது, 1988இல் மாநகரானது. தலைநகராவதற்கு முன்பே, 1904ஆம் ஆண்டிலேயே, இங்கு ஓர் ஆங்கில நாளிதழ் தோன்றிவிட்டது. 'டைம்ஸ் ஆஃப் மலாயா' என்னும் அவ்விதழின் முழுப்பெயரில் தோட்ட முதலாளிகளுக்கும் சுரங்க முதலாளிகளுக்குமான செய்தி ஏடு என்னும் தொடரும் சேர்ந்திருந்தது. யாருக்காக அச்சிடப்பட்டது என்பதைப் பெயரே கூறிவிடுகிறது. பால்மரம் சீவியவர்கள் அந்த வாசகர் வட்டத்தில் இல்லை. பின்னாளில் அது பினாங்கின் 'ஸ்டிரெய்ட்ஸ் எக்கோ'வுடன் இணைந்தது. 2006இல் தொடங்கப்பட்ட 'ஈப்போ எக்கோ' என்னும் ஆங்கில இதழ் வேறு காலத்தின் வேறு தேவைக்காக எழுந்தது. நகராண்மை, சாலை, உணவு, பழங்கட்டடங்கள் எனப் பொதுவாக நகரவாசியின் அக்கறைகளைப் பேசியது. சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர், தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத் தோட்டங்களின் அன்றாடத்திற்கு இடந்தந்தவை கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் ஏடுகளே. பேராக் தோட்டத் தமிழனுக்குத் தன் ஊர்ச் செய்தித்தாள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அச்சாகி வந்தது என்பது சற்றே விந்தைதான்.

அச்செய்திகளை அனுப்பியவர் முழுநேரச் செய்தியாளர் அல்லர். தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தோட்ட அலுவலகக் கிராணி, தொழிற்சங்கக் கிளைச் செயலாளர், நகரத்தில் சிறுகடை வைத்திருந்தவர் போன்றோர் பகுதி நேர நிருபர்களாக இயங்கினர். ஊதியம் சொற்பம், சிலருக்கு அதுவும் இல்லை. கையால் எழுதி அஞ்சலிலோ பேருந்து ஓட்டுநரிடமோ கொடுத்தனுப்புவர். புதன்கிழமை நடந்த நிகழ்ச்சி அடுத்த வாரம் அச்சேறினால் அதுவே விரைவு. ஆகவே இச்செய்திகளில் 'நேற்று' என்னும் சொல்லை விட 'அண்மையில்' என்னும் சொல்லே மிகுதி. காலத்தைக் கணிக்க விழையும் ஆய்வாளருக்கு இந்த 'அண்மையில்' பெருந்தொல்லை. செய்தி வெளியான நாளை நிகழ்ச்சி நடந்த நாளாகக் கொண்டுவிடலாகாது.

இனி இச்செய்திகளின் அமைப்பைக் காண்போம். தோட்டத்தின் பெயரோடு செய்தி தொடங்கும். அடுத்து, நிகழ்ச்சிக்குத் தலைமையேற்ற பெரியவர், சிறப்பு வருகை புரிந்த சட்டமன்ற உறுப்பினர் அல்லது தோட்ட நிர்வாகி, கிண்ணத்தை அன்பளிப்புச் செய்தவர், மாலை அணிவித்தவர் ஆகியோரின் பெயர்கள் பட்டங்களுடனும் பதவிகளுடனும் வரும். பின்னர் அவர் ஆற்றிய உரையின் சாரம்: இளைஞர் ஒற்றுமையுடன் இருக்க வேண்டும், கல்வியில் முன்னேற வேண்டும். இறுதி இரண்டு வரிகளில்தான் எந்தக் குழு எத்தனை கோல் வித்தியாசத்தில் வென்றது, கோல் போட்டவர் யார், சுழற்கிண்ணத்தை யார் பெற்றார் என்னும் விவரம் கிடைக்கும். பக்கத்தில் இடமில்லையென்றால் ஆசிரியர் மேசையில் வெட்டுப்பட்டதும் அவ்விரண்டு வரிகளே.

இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. சோழர் கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி முன்னே நிற்கும். அரசன் வென்ற நாடுகள், அவன் தேவியர், அவன் வீரம் எல்லாம் வரிசையாக வந்த பின்னரே கொடையளித்தவர் யார், நிலத்தின் எல்லை யாது, விளக்கெரிக்க எத்தனை ஆடு விடப்பட்டது என்னும் செய்தி தொடங்கும். ஓர் ஊரின் சமூக வரலாற்றை எழுதப் புகுபவருக்கு அப்பிற்பகுதியே உயிர்நிலை. எனினும் மெய்க்கீர்த்தியை வீண் என்று எவரும் தள்ளுவதில்லை. கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதற்கு அது உதவுகிறது. வட்டாரச் செய்தியிலும் இதுவே முறை என்பது நம் கருத்து. பிரமுகர் வரிசை, செய்தித்துணுக்கு தேதியின்றிக் கிடைத்தாலும் அதன் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். யார் அப்போது சட்டமன்ற உறுப்பினர், எந்தக் கட்சிக் கிளை ஓங்கியிருந்தது, தோட்ட நிர்வாகி வெள்ளைக்காரத் துரையா உள்நாட்டவரா என்பவற்றை அதிலிருந்து அறியலாம். வாழ்க்கையை அறிய விழைபவர் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்க வேண்டும்.

கடைசி வரி தருவது வெறும் ஆட்ட முடிவன்று. பால்மரம் சீவுதல் விடியலுக்கு முன் தொடங்கும் வேலை. பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, மரம் சீவி, பால் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நண்பகல் ஆகும். மாலைப்பொழுது தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்தது. அம்மாலையில் அவனுக்குத் திறந்திருந்த பொது இடங்கள் மிகச் சில: கோயில், கள்ளுக்கடை, திடல். இம்மூன்றனுள் திடலில் மட்டுமே ஒரு தோட்டத்தான் மற்றொரு தோட்டத்தானைச் சம நிலையில் எதிர்கொண்டான். அங்கே கிராணியின் மகனும் வெட்டுக்காட்டுத் தொழிலாளியின் மகனும் ஒரே குழுவில் ஆடியிருக்கக்கூடும். குழுவினரின் பெயர்ப்பட்டியல் அச்சாகியிருந்தால், தோட்டத்தின் உள்ளே யார் யாருடன் சேர்ந்தனர் என்பதற்கு அது ஒரு சான்று. சம்பளப் பட்டியலில் எண்ணாக இருந்தவன் பெயராக அச்சேறிய இடமும் அதுவே. அந்தத் துணுக்கை வெட்டிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் ஆசிரியர்களாக இருக்கலாம்.

சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்வோம். வரலாற்று நூல்களில் அவ்வூர் பெரும்பாலும் ஒரே நாளுக்காக இடம்பெறுகிறது. 1948 ஜூன் 16ஆம் நாள் எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகத்தினர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. அந்நாளைப் பற்றி அலமாரி நிறைய நூல்கள் உள்ளன. முள்வேலிக்குள் லயங்களை நகர்த்தி, ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடும் நிலவிய அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும் அங்கே பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர், திருவிழா நடந்தது, பந்தும் உருண்டது. அந்தச் சாதாரண நாள்களுக்குச் சான்று தேடுபவர் வட்டாரச் செய்திப் பக்கத்திற்கே வந்தாக வேண்டும். 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் பேராக் குழு மலேசியக் கிண்ணத்தை வென்றதையோ, 1983இல் தொடங்கிப் பின்னர் ஈப்போவுடன் பிணைந்துவிட்ட சுல்தான் அஸ்லான் ஷா ஹாக்கிப் போட்டியின் முடிவுகளையோ எந்தப் பதிவேட்டிலும் காணலாம். இரு தோட்டங்களின் ஆட்டம் வேறெங்கும் பதிவாகவில்லை.

தோட்டங்கள் கலைந்த கதையையும் இப்பக்கங்கள் தம்மையறியாமல் சொல்கின்றன. 1950களில் ஐரோப்பியருக்குச் சொந்தமான தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. அத்துண்டாடலை உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்தார். வேலையும் வீடும் ஒருங்கே இழந்த தொழிலாளருக்காகத் துன் வீ.தி. சம்பந்தன், சுங்கை சிப்புட் மண்ணின் மைந்தர், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. அதன்பின் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. செய்தித் தலைப்பில் 'தோட்டம்' என்றிருந்த இடத்தில் 'தாமான்' என்றும் 'கம்போங்' என்றும் பெயர்கள் நுழைகின்றன. சிறிது காலங்கழித்துப் புதுவகைச் செய்தி ஒன்று தலைகாட்டுகிறது: முன்னாள் தோட்ட மக்களின் ஒன்றுகூடல். கலைந்துபோன தோட்டத்தின் மாரியம்மன் கோயில் திருவிழாவிற்குப் பல நகரங்களிலிருந்து திரும்பி வருபவர்கள், மறுநாள் பழைய பிரிவு வாரியாகப் பிரிந்து காற்பந்தும் ஆடுகின்றனர்.

ஒரு தோட்டத்தின் பெயர் இதழில் கடைசியாக எப்போது வந்தது என்று தேடினால் அதன் மறைவைத் தோராயமாகக் கணிக்கலாம் என்று தோன்றும். இங்கு எச்சரிக்கை தேவை. நிருபர் மாற்றலாகிப் போயிருந்தாலும் பெயர் மறைந்துவிடும். செய்தி இல்லை என்பதால் ஊர் இல்லை என்றாகாது. எழுதுவதற்கு ஆசிரியர் ஒருவர் இருந்த தோட்டமே அச்சில் வாழ்ந்தது. இதற்கு மறுதலையாகப் பள்ளிப் பெயர்கள் தோட்டத்தைக் கடந்தும் வாழ்கின்றன. பேராக்கிலுள்ள 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. ஜெண்டராட்டா போன்ற பெரிய தோட்டங்களில் பிரிவுக்கு ஒரு பள்ளி என அமைந்ததால், தோட்டத்தின் உட்பிரிவுகளும் பள்ளிப் பெயரில் பதிந்துள்ளன.

இப்பக்கங்கள் மறைத்தவற்றையும் கூற வேண்டும். நிர்வாகத்தின் திடலில், நிர்வாகியின் கிண்ணத்துக்காக நடந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும் கிராணி, அதே தோட்டத்தின் குடிநீர்த் தட்டுப்பாட்டை எழுதத் தயங்கியிருப்பார். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்னும் பூசல், சாதிப்பிரிவு, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் ஆகியவை இச்செய்திகளின் இயல்பான பொருளாக இருந்ததில்லை. பெண்களின் நிலை இன்னும் கவனத்திற்குரியது. தமிழ்ப்பள்ளி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்த பத்து வயதுச் சிறுமியின் பெயர் அச்சாகும்; அதன்பின் அவளைத் திடலில் காண்பது அரிது. கோலப் போட்டியில் ஒருமுறை தென்படலாம். தாப்பாவில் பிறந்த மு. ராஜமணி 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடி, 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்று, அவ்வாண்டு நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனையாகத் தேர்வு பெற்றார். அவருடன் பள்ளித் திடல்களில் ஓடி அங்கேயே நின்றுவிட்டவர்கள் யார் என்பதற்கு விடை எங்கேனும் இருக்குமானால், அது பழைய உட்பக்கங்களில்தான் இருக்கும்.

அப்பக்கங்களின் நிலை கவலைக்குரியது. 1924இல் கி. நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன், 2019 ஜனவரி இறுதியுடன் நின்றுவிட்டது. தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் மின்னுருவாக்கி வைத்துள்ளது. மலாயா முழுவதும் அவ்விதழ் சென்ற காலத்தின் தோட்டச் செய்திகளும் அதில் உள. மலேசியாவில் அச்சாகும் வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்னும் சட்டம் 1986இல் வந்தது; அதற்கு முந்திய தாள்கள் எளிதில் உடையும் மலிவுத் தாள்கள். மின்னுருவாக்கத்திற்கு நிதி ஒதுக்கும்போது தலையங்கமும் ஞாயிறு இலக்கியப் பகுதியும் முன்னுரிமை பெறுவது இயல்பு. உட்பக்கத்தை விட்டுவிட்டு முதற்பக்கத்தை மட்டும் படமெடுப்பது, கல்வெட்டில் மெய்க்கீர்த்தியை மட்டும் படியெடுத்து மீதியைச் சுவரிலேயே விட்டுவருவதற்கு ஒப்பாகும்.

தமிழாசிரியர்கள் இதில் பார்வையாளர் அல்லர். நிருபர்களுள் பலர் அவர்களுடைய முன்னோடிகளே. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்களின் வீடுகளில் செய்தித்துணுக்குகள் ஒட்டிய பழைய பயிற்சிப் புத்தகங்கள் இருக்க வாய்ப்புண்டு. பள்ளிகளின் விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சி நிரல்கள், வருகைப் பதிவேடுகள், சுழற்கிண்ணங்களில் பொறித்த ஆண்டுகள் ஆகியவற்றைத் துணுக்குகளுடன் ஒப்பிட்டால் 'அண்மையில்' என்னும் சொல்லின் காலத்தைத் திட்டப்படுத்தலாம். இளங்கலை மாணவருக்கு இதனை ஆய்வேடாகத் தரலாம்: ஒரு தோட்டம், ஓர் இதழ், பத்து ஆண்டுகள். துணுக்கைப் படமெடுக்கும்போது அதன் பின்புறத்தையும் எடுக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தேதி இல்லாமலே வெட்டப்பட்ட அத்தாளின் மறுபக்கத்தில் ஒரு திரைப்பட விளம்பரமோ ரப்பர் விலைப்பட்டியலோ பாதியாக நிற்கும். நாளைக் கண்டுபிடிக்க அதுவே போதுமானதாகிவிடுவதுண்டு.